கூரையில் காற்றாடி வைத்தால் கடை குளிருமா?

பங்குனி பிறந்ததும் நமது உறுப்பினர்களிடையே ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சூடு குறையும் என்கிறார்கள். தொழிற்சாலைக் கூரைகளில் காற்றிலே தானாகச் சுற்றும் உருண்டை இருக்கிறதே, அதை வைத்தால் மின்சாரச் செலவும் கிடையாதாம். போடலாமா?" என்பதே அந்தக் கேள்வி. இதை அதிகம் கேட்பவர்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு, கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் மளிகைக் கடை நடத்துவோர். பெரும்பாலும் கடை முன்பக்கம், குடித்தனம் பின்பக்கம். சரக்கும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வேகின்றன. கெட்டுப்போன சரக்கைக் கணக்கில் எழுதித் தள்ளிவிடலாம். வீட்டிலுள்ள முதியவர்களும் குழந்தைகளும் படும் பாட்டை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே ஆராய்வோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காற்றாடி உதவும், ஆனால் அதன் முறை மூன்றாவது. வெயிலைக் கூரையின் மேலேயே தடுப்பது முதல் வேலை. சூடான காற்று தானாக வெளியேற வழி விடுவது இரண்டாவது வேலை. இவை இரண்டையும் செய்யாமல் காற்றாடிக்குப் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். ஏன் என்று பார்ப்போம்.

நம் பகுதிக் கூரைகள்

ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிக்கரையில் பனையோலைக் கூரைகளே மிகுதி. ஓலை அடுக்குகளுக்கு இடையே காற்று தங்கி நிற்பதால் வெயில் எளிதில் உள்ளே இறங்காது. சூடான காற்று ஓலைச் சந்துகள் வழியாகக் கசிந்து மேலே போய்விடும். வசதியுள்ளவர்கள் மங்களூர் ஓடு வேய்ந்தார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் உள்ள இடுக்குகளே காற்றுப்போக்கியாக வேலை செய்தன. இன்னும் வசதியுள்ளவர்கள் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் கட்டினார்கள். அதன் கனமும் உயரமும் வெயிலைத் தாங்கின.

ஓலையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று தீ, மற்றொன்று புயல். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் கடற்கரை நெடுகிலும் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. 2010-ல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டமும், 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் நோக்கம் கொண்டவை. கைக்காசில் கட்டியவர்கள் தகர ஷீட்டும் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் போட்டார்கள். தீ பயமும் மழை பயமும் குறைந்தன. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்தச் சூடு.

ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் குணம் வேறு. ஷீட் மெல்லியது. வெயில் ஏறியதும் காய்ந்து, வெயில் இறங்கியதும் ஆறிவிடும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து மாலையில்தான் அடிப்பக்கம் காயத் தொடங்கும், இரவு வெகுநேரம் வரை கக்கிக்கொண்டிருக்கும். ஷீட் கடைக்காரருக்குப் பகல் துன்பம், கான்கிரீட் வீட்டாருக்கு இராத்துன்பம். இரண்டுக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

சூடு எந்த வழியாக வருகிறது?

கடைக்குள் காற்று சூடாக இருப்பதால்தான் நமக்குச் சூடாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. மற்றப் பாதி கூரையின் அடிப்பக்கத்திலிருந்து நேராக நம் தலைமேல் விழும் கதிர்வீச்சு. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு முகம் எரிகிறது. நடுவில் உள்ள காற்று அவ்வளவு சூடு இல்லை. இடையே ஒரு முறத்தைப் பிடித்தால் எரிச்சல் உடனே நிற்கிறது. கதிர்வீச்சு என்பது அதுதான். சித்திரை மாத நண்பகலில் தகரக் கூரை தலைகீழாகத் தொங்கும் அடுப்பு.

நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். இதையும் கணக்காகவே பார்க்கலாம். நல்ல வெயிலில் பழைய ஷீட் 60 டிகிரி செல்சியஸ் வரை காய்வது சாதாரணம். அந்த ஷீட்டின் அடிப்பக்கம், 35 டிகிரியில் இருக்கும் உடம்பையும் சரக்கையும் தரையையும் நோக்கி, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 170 வாட் வெப்பத்தை இறக்குகிறது. 10 அடிக்கு 20 அடி கடை என்றால் பதினெட்டரை சதுர மீட்டர். மொத்தம் 3,000 வாட்டுக்கு மேல் ஆகிறது. 750 வாட் இஸ்திரிப் பெட்டிகள் நான்கை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே உட்கார்ந்து வியாபாரம் செய்வதற்குச் சமம்.

காற்றாடி செய்யும் வேலை, செய்யாத வேலை

எக்ஸாஸ்ட் காற்றாடி உள்ளே உள்ள காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்துக்கு வெளிக்காற்று வருகிறது. மணிக்கு 1,000 கனமீட்டர் காற்றைத் தள்ளும் ஒரு காற்றாடியை எடுத்துக்கொள்வோம். உள்காற்று வெளிக்காற்றைவிட 1 டிகிரி அதிகமாக இருந்தால் அது சுமார் 320 வாட் வெப்பத்தை வெளியே கொண்டு போகும். 5 டிகிரி அதிகமாக இருந்தால் 1,600 வாட். வித்தியாசம் ஒன்றுமில்லாவிட்டால் அது கொண்டு போவதும் ஒன்றுமில்லை. கொள்முதலுக்கும் விற்பனைக்கும் வித்தியாசம் இருந்தால்தானே லாபம்? காற்றாடியின் கணக்கும் அதே.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. காற்றாடியால் உள்காற்றை வெளிக்காற்றைவிடக் குளிராக ஆக்கவே முடியாது. வெளியே நிழலில் 40 டிகிரி என்றால் உள்ளே 40-க்குக் கீழே அது இறக்காது. சென்னை 45 டிகிரியைத் தொட்ட 2003 மே மாதக் கடைசி நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் வெளிக்காற்றை உள்ளே இழுப்பது அனலை விலைக்கு வாங்குவதாகும். இது முதல் விஷயம்.

இரண்டாவது, மேலே சொன்ன 3,000 வாட் கதிர்வீச்சைக் காற்றாடியால் வழிமறிக்க முடியாது. அது காற்றைத் தாண்டி நேராக வந்து விழுகிறது. காற்றாடி எவ்வளவு சுற்றினாலும் ஷீட் ஷீட்டாகவே காய்ந்துகொண்டிருக்கும்.

இப்போது அதே கடையின் கூரைக்கு மேலே வெள்ளைப் பூச்சுப் பூசி, ஷீட்டின் சூடு 60-லிருந்து 45 டிகிரிக்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். 3,000 வாட் என்பது 1,200 வாட்டுக்கு வந்துவிடும். மின்சாரம் ஒரு யூனிட்கூடச் செலவில்லை. காற்றாடிக்கு முன் கூரையைக் கவனியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஐஸ் வியாபாரம் காட்டும் பாடம்

பழவேற்காட்டில் மீனும் இறாலும் நண்டும் ஐஸ் இல்லாமல் சென்னைக்குப் போகாது. ஐஸ் கட்டியைக் காப்பாற்ற யாராவது அதற்கு மேல் காற்றாடி வைக்கிறார்களா? இல்லை. சாக்குப் போட்டு மூடுகிறோம், உமியும் மரத்தூளும் கொட்டுகிறோம், தெர்மோகோல் பெட்டியில் அடைக்கிறோம். சூடு உள்ளே வந்த பிறகு விரட்டுவதைவிட வராமல் தடுப்பதே லாபம் என்பது ஏரிக்கரையில் சிறுவனுக்கும் தெரியும்.

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம், ஐஸ் ஹவுஸ் என்ற பெயரில் 1842-ல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் போஸ்டன் பகுதியில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியை, பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்து விற்றார். அன்று குளிரூட்டும் இயந்திரம் கிடையாது. கனமான சுவரும் மரத்தூளும்தான் அந்த வியாபாரத்தின் முதல். நம் கடைக் கூரைக்கும் அதே விதிதான்.

வெளியூர் அனுபவம்

அமெரிக்காவில் சாய்வான மரக் கூரைக்கும் அறையின் மேல்தளத்துக்கும் இடையே ஆள் நுழையும் அளவு வெளி இருக்கும். நம் மச்சு மாதிரி. அந்த வெளியில் சேரும் சூட்டை வெளியேற்றக் காற்றாடி வைப்பது அங்கே பழைய வழக்கம். வெயிலும் புழுக்கமும் நம் ஊரைப் போலவே உள்ள புளோரிடா மாநிலத்தில், புளோரிடா சோலார் எனர்ஜி சென்டர் என்ற ஆய்வு நிலையம் சூரிய ஒளியில் ஓடும் இத்தகைய காற்றாடியைச் சோதித்து 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. மச்சுக்குள் உச்சி வேளைச் சூடு நன்றாகவே குறைந்தது. ஆனால் கீழே வீட்டைக் குளிர்விக்க ஆகும் மின்சாரத்தில் மிச்சமானது சுமார் 6 சதவீதம்தான். காரணம், மச்சின் தரையில் ஏற்கெனவே சூடு தாங்கும் பொதி கனமாகப் போட்டிருந்தது. தடுப்பு நன்றாக இருந்தால் காற்றாடிக்கு மிச்சமிருக்கும் வேலை கொஞ்சம்.

ஏர்கண்டிஷன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் அங்கிருந்து கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. மச்சுக்குள் வெளிக்காற்று வரப் போதிய வழி இல்லாவிட்டால், காற்றாடி கீழ் அறையில் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றையே பால்ஸ் சீலிங் சந்துகள் வழியாக உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். மெஷின் ஓயாமல் ஓடும், பில் ஏறும், ஏன் என்று புரியாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2010 மே மாத வெப்ப அலையில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத் நகரம், 2013-ல் தெற்காசியாவிலேயே முதலாவதாக வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017-ல் அங்கே எளியவர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணி தொடங்கியது. தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது. கூரை விஷயத்தில் இவர்கள் முதலில் கையில் எடுத்தது வெள்ளைப் பூச்சையே. தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. புயல், வெள்ளத்துக்குத் தயாராவதுபோல் வெயிலுக்கும் தயாராக வேண்டிய காலம் இது.

கடலோரக் காற்றும் நம் சரக்கும்

உள்ளூர்ப் பகுதிக் கடைகளுக்கும் ஏரிக்கரைக் கடைகளுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம் காற்றில் ஈரம் அதிகம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியத் தொடங்கும். வெல்லம் அதற்கும் முன்பே வியர்க்கும். கடற்கரையில் இரவுக் காற்றின் ஈரம் பல நாட்களில் இந்த அளவைத் தாண்டிவிடும். "இரவில் வெளியே குளிர்ச்சி, காற்றாடியை விடியவிடிய ஓட்டுவோம்" என்று சரக்கறையில் ஓட்டினால், மூட்டைக்குள் ஈரத்தை நாமே ஏற்றியவர்களாகிறோம். உப்பு, வெல்லம், சர்க்கரை, தீப்பெட்டி, அப்பளம், கருவாடு எல்லாம் இதில் அடிபடும். அரிசியில் 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறினால் பூஞ்சைக்கும் வண்டுக்கும் அழைப்பு அனுப்பியது போல. ஆக, குடும்பம் தூங்கும் அறைக்கு நல்லது, சரக்கறைக்குக் கெடுதலாக முடியலாம். சரக்கறையில் காற்றாடி ஓட்ட ஏற்ற நேரம், ஈரம் குறைந்திருக்கும் முற்பகலும் பிற்பகலும்தான். அதிலும் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகமாக இருக்கும்போது மட்டும்.

சூடு தாங்காத சரக்கைப் பரணில் ஏற்றாதீர்கள். கடையிலேயே மிகச் சூடான இடம் பரண்தான். சாக்லேட் 34 டிகிரியை ஒட்டி இளகிவிடும். கற்பூரம் பெட்டிக்குள்ளேயே காற்றாய்ப் போய் எடை குறையும். மிளகாய் வற்றல் நிறம் வெளுக்கும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கொசு மருந்து, வாசனைத் திரவியம் போன்ற ஸ்பிரே டப்பாக்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். ஷீட்டை ஒட்டிய பரணில் கோடையில் அந்த அளவு எட்டிவிடும். டப்பா வெடித்தால் போவது சரக்கு மட்டுமன்று. இவற்றை இன்றே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். காற்றாடிக்கு முன்பணம் கொடுக்குமுன் இரண்டு எளிய சோதனைகள் செய்து பாருங்கள்.

முதல் சோதனைக்கு ஒரு காலி அட்டைப்பெட்டி போதும். பகல் 2 மணிக்கு வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, விரித்த அட்டையைத் தலைக்கு மேல் ஓரடி உயரத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் தலைக்கும் தோளுக்கும் இதமாக இருந்தால் உங்கள் தொல்லை கதிர்வீச்சு. காற்றாடி அதற்கு மருந்தாகாது. கூரைக்குத்தான் வைத்தியம்.

இரண்டாவது சோதனைக்குச் சாதாரண தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். ஒன்றை வெளியே நிழலில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். மற்றொன்றை உள்ளே தலை உயரத்தில், மேலே ஒரு அட்டை மறைப்பு வைத்துத் தொங்கவிடுங்கள். பகல் 2 மணி, மாலை 6 மணி, இரவு 10 மணி ஆகிய மூன்று வேளையும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். உள்ளே வெளியைவிட 3, 4 டிகிரி கூடுதலாக நிற்கும் வேளையில் காற்றை வெளியேற்றினால் பலன் உண்டு. ஏறக்குறைய சமமாக இருந்தால் காற்றாடிக்கு அங்கே வேலை இல்லை. கான்கிரீட் வீடுகளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் இரவில்தான் தெரியும். ஷீட் கடைகளில் பகலில் தெரியும்.

எதை முதலில் செய்வது?

முதலாவது, வெள்ளைப் பூச்சு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பரப்பு, விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பாசி படிந்து கறுத்த தளம் திருப்புவது கால் பங்கு அளவே. கான்கிரீட் தளத்துக்கும் கல்நார் ஷீட்டுக்கும், பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு கை அடித்தால் போதும். வடகிழக்குப் பருவமழையில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் மாசிக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். தகர ஷீட்டில் சுண்ணாம்பு ஒட்டாது. அதற்கு வெளிப்புற வெள்ளை பெயின்ட்தான் சரி. பூசுமுன் தூசியும் பாசியும் போகக் கழுவுங்கள். கல்நார் ஷீட்டின் மேல் யாரும் நேராகக் கால் வைக்கக்கூடாது. உடைந்து விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. அடியிலுள்ள சட்டங்களின் மேல் பலகை போட்டு, அதில் நின்றே வேலை செய்ய வேண்டும்.

இரண்டாவது, கூரைக்கு மேல் நிழல். ஷீட்டுக்கு ஓரடி உயரத்தில் மூங்கில் கட்டிப் பச்சை நிழல்வலை இழுத்துக் கட்டலாம். வெயில் வலையில் தங்கும், இடையில் காற்று ஓடும். தென்னங்கீற்று பரப்பினாலும் நல்ல பலன், ஆனால் அடுப்புப் புகைபோக்கியும் மின்கம்பியும் அருகில் இருந்தால் வேண்டாம். ஐப்பசி பிறக்குமுன் இரண்டையும் இறக்கிவிட வேண்டும். 2016 டிசம்பர் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கூரைக்குக் கீழ் ஒரு மறைப்பு. பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் கைவண்ணம் பழவேற்காட்டுப் பெண்களுக்கு உண்டு. ஓலைப் பாயை ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே சட்டம் அடித்துக் கட்டினால் தலைமேல் விழும் கதிர்வீச்சு வெகுவாகக் குறையும். பளபளக்கும் அலுமினியத் தாளும் கிடைக்கிறது. அதன் பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசி படியாமல் பலன் நிலைக்கும். தாளுக்கும் ஷீட்டுக்கும் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒட்டிவிட்டால் பலன் போய்விடும். தெர்மோகோல் அட்டையை மேற்கூரையாக அடிப்பதைத் தவிர்க்கவும். தீப்பிடித்தால் உருகி எரிந்து நச்சுப்புகை கக்கும்.

நான்காவது, காற்றுக்கு வழி. சூடான காற்று மேலேறும் குணமுடையது. கூரை முகட்டை ஒட்டி இரு பக்கச் சுவரிலும் துவாரமும், கீழே நிழல்பக்கத்தில் ஜன்னலும் இருந்தால் காற்று தானே ஏறி வெளியேறும். எலிக்கு வழிவிடாமல் கம்பிவலை அடியுங்கள். நமக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கிழக்குச் சுவரை அலமாரியால் முழுக்க அடைத்துவிட்டுக் காற்றில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

காற்றாடி வைப்போர் கவனத்துக்கு

இவ்வளவும் செய்த பிறகு, உள்ளே இன்னும் சூடு தேங்குகிறது என்று தெர்மாமீட்டர் காட்டினால் காற்றாடி வையுங்கள். குறிப்பாக, ஓலைப் பாயோ தாளோ அடித்து மேலே ஒரு வெளி உண்டான கடைகளில், அந்த வெளியின் சூட்டை வெளியேற்றக் காற்றாடி உண்மையாகவே உதவும். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. வெளியேறும் அளவு காற்று உள்ளே வர வேண்டும். 12 அங்குலக் காற்றாடியின் வாய் சுமார் முக்கால் சதுர அடி. உள்வழி ஒன்றரை சதுர அடியாவது இருக்கட்டும். எல்லாம் அடைத்த கடையில் காற்றாடி சும்மா இரைச்சல் போடும், அல்லது அடுப்புப் புகையையும் சாக்கடை நாற்றத்தையும் உள்ளே இழுக்கும்.

2. தானாகச் சுற்றும் டர்போ உருண்டைக்கு மின்சாரம் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் காற்று வேண்டும். நம் கரையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் எழும். மேல்காற்று பலமான நாட்களில் இன்னும் தாமதமாகும். காற்றே இல்லாமல் புழுங்கும் முற்பகலில் உருண்டை ஏறக்குறைய நின்றிருக்கும். உயரமான பெரிய கிடங்குக்கு அது ஏற்றது. எட்டடி உயரக் கடைக்குப் பலன் குறைவு.

3. உப்புக்காற்றில் இரும்பு ஓராண்டில் துருவேறும். அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகில் செய்ததையே வாங்குங்கள். பேரிங் தேய்ந்தால் மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கூரையில் போடும் ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வாசல். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழை போன்ற நாட்களில் ஒரு துளி ஒழுகல் ஒரு மூட்டைச் சர்க்கரையைத் தின்றுவிடும். கூடியவரை சுவரின் மேற்பகுதியில், மழைத்தடுப்பு மூடியோடு வையுங்கள்.

5. கல்நார் ஷீட்டைத் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதே தூசி திறந்த அரிசி மூட்டையிலும் விழும்.

6. செலவைக் கணக்கிடுங்கள். 60 வாட் காற்றாடி நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 22 யூனிட். உங்கள் கட்டண வீதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். துளை, மூடி, ஒயரிங், ஆள்கூலி எல்லாம் சேர்த்தால் சில கடைகளில் சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற கதையாகிவிடும். அந்தப் பணத்தில் கூரை முழுக்க வெள்ளையடித்திருக்கலாம்.

உடம்புக்கு வீசும் மின்விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாழ்ந்த ஷீட்டை ஒட்டித் தொங்கும் சீலிங் ஃபேன், மேலே தேங்கிய அனலைக் கீழே இறக்கும். பகலில் மேசை விசிறியோ சுவர் விசிறியோ நல்லது. உலக சுகாதார நிறுவனம், 40 டிகிரிக்குக் கீழே மட்டுமே மின்விசிறியை நம்பலாம் என்கிறது. அதற்கு மேல் வீசுவது அனல்காற்று. அந்த நேரத்தில் ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பதும், அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், நிழலான வெளியிடத்தில் உட்காருவதும்தான் பாதுகாப்பு. பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி, 108-க்குப் போன் செய்யுங்கள். கடைப் பையனானாலும் சரி, வீட்டுப் பெரியவரானாலும் சரி, "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக்கூடாது.

முடிவாக

கடையில் ஒரு செலவு செய்யுமுன், அது எந்த நஷ்டத்தைத் தடுக்கிறது என்று பார்ப்பது வியாபாரியின் இலக்கணம். கூரைச் சூட்டில் பெரிய நஷ்டம் வருவது கூரையின் மேல்பக்கத்தில். அங்கே வெள்ளையும் நிழலும், கீழே ஒரு மறைப்பு, மேலும் கீழும் காற்றுக்கு வழி, இவற்றுக்குப் பின் தேவையானால் காற்றாடி. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு ரூபாயும் வேலை செய்யும். வரிசை மாறினால் காற்றாடி சுற்றும், சூடும் அங்கேயே இருக்கும்.

கத்திரி வெயிலுக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, ஒரு வாளிச் சுண்ணாம்போடு இந்த வேலையைத் தொடங்குங்கள். அட்டைப்பெட்டிச் சோதனையை முன்பும் பின்பும் செய்து பாருங்கள். உங்கள் தெர்மாமீட்டர் கணக்குகளைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தால், எந்தக் கூரைக்கு எது பலன் தந்தது என்று எல்லோரும் தெரிந்துகொள்ளலாம். ஒரு கடைக்காரர் கண்ட நன்மை பக்கத்துக் கடைக்காரருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்குத்தானே நாம் சங்கம் வைத்திருக்கிறோம்.